மூன்று தலையணை

வாசலில் கட்டியிருந்த கிடா, விடிகாலைத் தொழுகை முடிந்த கொஞ்ச நேரத்துக்கெல்லாம் அறுபட்டு, இப்போது பின்கட்டில் பெரிய பெரிய அண்டாக்களில் கொதித்துக்கொண்டிருந்தது. பள்ளிவாசலில் ஓதிக்கொடுக்கும் மாலம் வந்து, குழந்தையின் காதில் ருமைசா என்று பெயரைச் சொல்லி, துஆ ஓதிவிட்டுப் போயாயிற்று. வந்த ஆண்களுக்கெல்லாம் கோலாக் கொட்டையும் பேரீச்சம்பழமும் கொடுத்தாகிவிட்டது. ஸாரியா ஊரில், துடுன் வாடா தெருவில், ஹாஜியா தலாத்து வீட்டு விசேஷம் என்றால் சும்மாவா.

இத்தனை கலகலப்புக்கும் வெளியே, தெருவோரம் நிறுத்திய பழைய வண்டிக்குள், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இறங்காமல் உட்கார்ந்திருந்தாள் பரீரா. ஹாஜியாவின் மூத்த மகள். பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிற டாக்டர். குழந்தைக்கு அத்தை.

போன வாரம் இதே வாசலில் அவள் கோபமாக வெளியேறியதைப் பார்த்தோம். தம்பி மனைவி ஸுவைராவுக்குக் கொடுத்த கஞ்சியைப் பற்றியும் ஊற்றிய தண்ணீரைப் பற்றியும் வாய் திறந்தாள். அவ்வளவுதான். வீடே திரண்டு அவளை வாயடைத்து அனுப்பியது. பெயர் சூட்டும் நாள் முடியும் வரையில் இனி ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்று அவளும் சபதம் போட்டுக்கொண்டாள். ரோஷம் என்று வந்துவிட்டால் படித்தவள் படிக்காதவள் என்று ஏதும் கிடையாது.

தலைப்பிரசவம் தாய் வீட்டில் நடக்கவேண்டியது. ஸுவைராவுக்குத் தாய் இல்லை. அதனால் மாமியார் வீடே தாய் வீடாயிற்று. தாயில்லாப் பெண்ணுக்குக் குறை வைத்துவிட்டார்கள் என்று ஊர் வாயில் ஒரு சொல் வந்துவிடக்கூடாது என்பதில் ஹாஜியா கண்ணும் கருத்துமாக இருந்தாள். ஆகவே எல்லாமே ஒரு பிடி கூடுதல். காலையும் மாலையும் வேப்பிலை போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீர். அதில் வேப்பங்கொத்தை முக்கி முக்கி உடம்பில் அடித்துக் குளிப்பாட்டு. கட்டிலுக்கு அடியில் கரி அடுப்பு. குடிக்க, ஏரிப் பக்கத்திலிருந்து கட்டி கட்டியாக வரும் கன்வா உப்பைக் கரைத்துக் காய்ச்சிய கம்பங்கஞ்சி. பால் நன்றாகச் சுரக்கும், பச்சை உடம்பில் குளிர் நுழையாது என்று நாற்பது நாளைக்கு இதுதான் நடக்கும். நம் வீடுகளில் இப்படிக் குளிக்காமல் எழுந்தவள் யார்?

பரீராவின் பிரச்சினையும் அதுதான். எல்லோரும் குளித்து எழுந்தவர்கள். எழாமல் போனவர்கள் பேச வருவதில்லை.

அவள் ஆராய்ச்சியைப் பற்றி வீட்டில் யாருக்கும் சரியாகத் தெரியாது. எலி டாக்டர் என்பார்கள். அவள் தம்பிக்கு ஒருமுறை இப்படிச் சொல்லிப் பார்த்தாள். உடம்பில் ஓடும் ஹார்மோன் என்பது ஒரு சேதி. சேதி வந்தால் மட்டும் போதாது, அதை வாங்கிக்கொள்ள வாசலில் ஆள் வேண்டும். மூளையிலும் இதயத்திலும் ரத்தக் குழாய்களிலும் அப்படி வாங்கிக்கொள்வதற்கென்றே இருக்கும் இடங்களுக்கு ஏற்பிகள் என்று பெயர். உப்பைப் பிடித்து வை, தண்ணீரைப் பிடித்து வை என்று சேதி கொண்டுவரும் ஹார்மோன்களை மூளையின் எந்த மூலை வாங்குகிறது, வாங்கிக்கொண்டு இதயத்தை என்ன பாடு படுத்துகிறது என்பதுதான் அவள் வேலை. குட்டி போட்ட எலிகளின் மூளையைக் காகிதத்தைவிட மெல்லிசாகச் சீவி, நுண்ணோக்கிக்கு அடியில் வைத்து, கண் வலிக்க வலிக்கப் பார்ப்பாள்.

பிள்ளை பெற்ற சில பெண்களுக்கு மட்டும் இதயம் ஏன் திடீரென்று தளர்ந்துபோகிறது? இதற்கு முழு விடை அவளிடம் இல்லை. அவளுக்குத் தெரிந்தவரை வேறு யாரிடமும் இல்லை. ஆனால் தளர்ந்த இதயத்தின் தலையில் உப்பையும் கொதிநீரையும் ஏற்றக்கூடாது என்பது தெரியும். தம்பி எல்லாம் கேட்டுவிட்டு, எலிக்கெல்லாம் யார் அக்கா வெந்நீர் வைக்கிறார்கள் என்று கேட்டான்.

அந்தத் தம்பி சகிரு இப்போது வாசலில் விறகுக் குவியலுக்குப் பக்கத்தில் மாப்பிள்ளை மாதிரி நின்றுகொண்டிருந்தான். டயர் கடை வைத்திருக்கிறவன். பிள்ளை பெற்றவளின் குளியலுக்குப் புருஷன் விறகு வாங்கிப் போடவேண்டும். குவியல் எவ்வளவு உயரமோ அவ்வளவு பாசம் என்று தெரு கணக்குப் போடும். சகிருவின் குவியல் மதில் சுவரைத் தாண்டியிருந்தது.

பரீரா ஒருவழியாக இறங்கினாள். அவன் ஓடிவந்து பையை வாங்கிக்கொண்டான். ஸுவைரா எப்படி இருக்கிறாள் என்று கேட்டாள். நன்றாக இருக்கிறாள், கன்னமெல்லாம் பூரித்துவிட்டது, கால்கூட நன்றாக உருண்டு திரண்டிருக்கிறது, குளிப்பாட்டுகிற டெலுவா அத்தையின் கைராசி என்று எல்லோரும் பேசிக்கொள்கிறார்கள் என்றான்.

"கால் உருண்டிருக்கா?" என்றாள் பரீரா.

"அக்கா, இன்னைக்கு ஒரு நாள் மட்டும் வேண்டாம். அவ சித்திகள் எல்லாம் வந்திருக்காங்க. சாப்பிட்டுட்டு, குழந்தையைப் பார்த்துட்டு, சிரிச்ச முகமா கிளம்பிடு. உன் கையைக் காலா நினைச்சுக் கேக்கறேன்."

அவள் உள்ளே போனாள்.

முற்றத்தில் ஒரே பட்டும் ஜரிகையுமாகப் பெண்கள். ஹாஜியா தலாத்து சோற்று அண்டா பக்கத்தில் முக்காலி போட்டு அமர்ந்து, யாருக்கு எந்தத் துண்டு போகவேண்டும் என்று கண்ணாலேயே உத்தரவு போட்டுக்கொண்டிருந்தாள். பரீரா முழங்கால் மடித்துக் குனிந்து சலாம் சொன்னாள். ஹாஜியா மகளைப் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்தவளிடம், வந்தவங்களுக்குத் தண்ணி குடுங்க என்றாள்.

இது கோபம் இல்லை. போன வாரக் கோபம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இப்படித்தான். தலைச்சன் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது, பத்துப் பேர் முன்னால் மடியில் வைத்துக் கொஞ்சுவது எல்லாம் நம் பக்கத்தில் வெட்கக்கேடு. நல்ல குடும்பத்துப் பெண் தலைச்சனை ஏறெடுத்துப் பார்க்கமாட்டாள். பரீரா பிறந்து பால் மறந்ததும் அவளை நாத்தனார் டெலுவாவிடம் வளர்க்கக் கொடுத்துவிட்டாள் ஹாஜியா. அதற்குப் பிறகு பிறந்த ஆறு பேரையும் பெயர் சொல்லி அழைத்தாள், திட்டினாள், முத்தமிட்டாள். பரீரா மட்டும் ஏய். அல்லது அவ. கொஞ்ச நாளாக யூனிவர்சிட்டிக்காரி. நாற்பதைத் தாண்டியும் தன் பெயர் தாய் வாயில் எப்படி ஒலிக்கும் என்று பரீராவுக்குத் தெரியாது. அதைப் பற்றி அவள் வருத்தப்படுவதில்லை என்று சொல்லிக்கொள்வாள். சொல்லிக்கொள்வதோடு சரி.

பிள்ளை பெற்றவளின் அறைக் கதவைத் திறந்ததும் வெப்பம் முகத்தில் அறைந்தது. வெளியே வெயில் மண்டையைப் பிளக்கிற மாதம். உள்ளே ஜன்னல் சாத்தி, மின்விசிறி நிறுத்தி, கட்டிலுக்கு அடியில் கரி கனன்றுகொண்டிருந்தது. கட்டிலில் புதுப்புடவை மாதிரிப் பளபளக்கும் துணியைப் போர்த்திக்கொண்டு சாய்ந்திருந்தாள் ஸுவைரா. மடியில் ருமைசா. பக்கத்தில் ஒரு பெரிய சுரைக்குடுவை நிறையக் கஞ்சியோடு டெலுவா அத்தை.

டெலுவா அத்தையைப் பற்றிச் சொல்லவேண்டும். இந்தத் தெருவில் பாதிப் பெண்களின் பச்சை உடம்பில் தண்ணீர் அடித்தவள் அவள். கை இரும்பு, வாய் அதைவிடக் கூர்மை. பரீராவை வளர்த்து, தோளில் தூக்கிப் பள்ளிக்கூடத்தில் விட்டவளும் அவள்தான். பரீரா என்ற பெயரை இந்த வீட்டில் வாய் நிறையக் கூப்பிட்ட ஒரே ஆள்.

"வா, என் எலி டாக்டர். உன் தம்பி பொண்டாட்டியைப் பாரு. ஏழே நாள்ல முகத்தை நிலாவாட்டம் ஆக்கிட்டேன். இப்ப சொல்லு, என் தண்ணியில என்ன குறை?"

நல்லாத்தான் இருக்கு அத்தை என்று சொல்லி பரீரா சபதத்தைக் காப்பாற்றிக்கொண்டாள். குழந்தையை வாங்கிக் கொஞ்சினாள். அத்தைக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. உற்சாகத்தில் ஸுவைராவின் சித்திகள் காதிலும் விழும்படி ஒரு கேலியை எடுத்துவிட்டாள்.

"ஒண்ணே ஒண்ணுதான் இவகிட்ட குறை. வெட்கம் பத்தாது. தலைச்சன் பிள்ளையைக் கையால தொடவே நாங்கெல்லாம் கூசுவோம். இவ என்னடான்னா ராத்திரி பூரா படுக்காம, குழந்தையை மடியில வச்சுக்கிட்டு உட்கார்ந்தே இருக்கா. எப்ப எட்டிப் பார்த்தாலும் உட்கார்ந்திருக்கா. அப்படி என்னடி மோகம் உனக்கு?"

வாசற்படியில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். ஸுவைரா துணியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். அவள் சித்திகளில் ஒருத்தி, எங்கள் வீட்டில் இப்படி வளர்க்கவில்லையே என்று முகம் கறுத்தாள்.

பரீராவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அவள் குழந்தையைப் பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்தாள்.

"படுக்கவே மாட்டேங்கறாளா அத்தை?"

"சொல்லிச் சொல்லி வாய் வலிச்சதுதான் மிச்சம்."

தொழுகைக்கு நேரமாகிறது, பாய் விரிக்கவேண்டும், கஞ்சியை நான் கொடுத்துக்கொள்கிறேன் என்று ஏதேதோ சொல்லி அத்தையையும் மற்றவர்களையும் வெளியே அனுப்பினாள். கதவைச் சாத்தினாள். அந்த அடுப்பு அறைக்குள் அவளும் ஸுவைராவும் மட்டும். ஸுவைராவின் மூச்சுச் சத்தம் இப்போதுதான் தனியாகக் கேட்டது. வேகமாக ஓடிவந்து நின்றவளின் மூச்சு அது. ஏழு நாளாக அவள் எங்கும் ஓடவில்லை.

போர்வையை விலக்கி, முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுத்தாள். விரல் பதிந்த இடம் பள்ளமாகவே நின்றது. இந்தப் பூரிப்பைத்தான் தெருவே பாராட்டிக்கொண்டிருந்தது. மணிக்கட்டைப் பிடித்தாள். நாடி எண்ணுவதற்குள் ஓடியது.

மூச்சு வாங்குகிறதா என்று கேட்டாள். ஸுவைரா இல்லை என்று தலையசைத்தாள். பிரசவத்தின்போதே பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு முனகல்கூட விடாத பெண் அவள். வலியைச் சொல்வதும் வெட்கக்கேடு என்று வளர்ந்தவள். அவளிடம் வலியைக் கேட்டால் வராது என்று பரீராவுக்கு உறைத்தது. வேறு மாதிரிக் கேட்டாள்.

"சரி, அதை விடு. தூங்கறப்ப எத்தனை தலையணை வச்சுக்கறே?"

இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஸுவைரா விரலைக் காட்டினாள். மூன்று.

"குழந்தை பிறந்த அன்னைக்கு?"

ஒரு விரல்.

"நடுவுல?"

இரண்டு. பிறகு, மிக மெதுவாக, வாயைத் திறந்தாள்.

"இப்ப மூணும் பத்தலை அண்ணி. சுவர்ல சாஞ்சுக்கறேன். படுத்தா யாரோ நெஞ்சு மேல ஏறி உட்கார்ந்த மாதிரி இருக்கு. சும்மா உட்கார்ந்திருந்தா ஏன்னு கேப்பாங்க. அதான் குழந்தையை மடியில வச்சுக்கறேன்."

"ஏன்டி யார்கிட்டயும் சொல்லலை?"

"ஒரு நாள் இருமினேன். குளிர் உள்ள போயிடுச்சுன்னு சொல்லி டெலுவா அத்தை தண்ணியை இன்னும் கொதிக்க வச்சாங்க. மூச்சு வாங்குதுன்னு சொன்னா இன்னும் சூடாக்குவாங்க. வெட்கங்கெட்டவன்னு சிரிச்சா சிரிச்சுட்டுப் போகட்டும்னு இருந்துட்டேன்."

பரீரா அந்தக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். ரோஷம் பார்த்து வராமல் இருந்த நாட்கள் ஒவ்வொன்றும் இப்போது சுட்டன. மூளையில் ஏற்பியைத் தேடியவள், இங்கே ஒரு பெண் தலையணையைக் கூட்டிக்கொண்டே போனதைப் பார்க்காமல் இருந்துவிட்டாளே. குனிந்து கரி அடுப்பை வெளியே இழுத்தாள். ஜன்னலைத் திறந்தாள். கஞ்சிக் குடுவையைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு வந்தாள். சபதம் எங்கே போயிற்றென்று அவளுக்கே நினைவில்லை.

சகிருவைக் கூப்பிட்டு, வண்டியில் பின் சீட்டைத் துடைத்து வை, இப்போதே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்றாள். அவள் சத்தமாகச் சொல்லவில்லை. ஆனாலும் முற்றம் முழுக்கக் கேட்டுவிட்டது.

பிறகு நடந்ததை விவரிக்க இந்த அத்தியாயம் போதாது. சாயங்காலத் தண்ணீர் அடுப்பில் ஏறிவிட்டது, பெயர் வைத்த நாளில் பிள்ளை பெற்றவளை வாசல் தாண்ட விடுவதா என்று ஒரு பக்கம். எங்கள் பெண்ணை இந்த வீட்டில் என்ன செய்து வைத்தீர்கள் என்று சித்திகள் ஒரு பக்கம். இவள் ஊசி போடுகிற டாக்டரா, எலியை அறுக்கிற டாக்டர்தானே என்று யாரோ கேட்க, வேறு யாரோ சிரித்தார்கள். டெலுவா அத்தை முற்றத்தின் நடுவில் வந்து நின்றாள். அவள் முகத்தில் கோபத்தைவிட வலிதான் அதிகம் தெரிந்தது.

"என் கையாலயா கெட்டது நடந்திருக்கு? உன்னை வளர்த்த கைடி இது. ஊர் முன்னால சொல்லு பார்ப்போம், என் கை கெட்டுதுன்னு."

"உங்க கை கெடலை அத்தை. அவ இதயம் தளர்ந்துபோச்சு. அதுக்கு நீங்களும் காரணம் இல்லை, அவளும் காரணம் இல்லை. ஆனா இந்த உப்பும் சூடும் இன்னைக்கு ஒரு வேளை போனாக்கூட தாங்காது."

சகிரு விறகையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தான். நாளைக் காலையில் கூட்டம் கலைந்ததும் போகலாமே என்று இழுத்தான். பாவம், நல்லவன். நல்லவர்களுக்கு எல்லாவற்றையும் நாளைக்கு ஒத்திவைக்கத் தோன்றும்.

இவ்வளவு நேரமும் ஹாஜியா தலாத்து முக்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. இப்போது கரண்டியைக் கீழே வைத்தாள். மருமகளின் அறைக்குள் போனாள். பரீரா பின்னாலேயே போனாள்.

ஹாஜியா கட்டிலின் மேலிருந்த தலையணைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே வைத்தாள்.

"படும்மா," என்றாள்.

மாமியார் சொன்னால் தட்டுகிற பெண்ணா ஸுவைரா. மல்லாந்து படுத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு மூச்சு சரியாக வந்தது. அடுத்தது பாதியில் நின்றது. பிறகு அவள் மார்பு தூக்கித் தூக்கிப் போட்டது, உதடு நிறம் மாறியது, கை காற்றில் எதையோ பிடிக்கத் தேடியது. பரீரா பாய்வதற்கு முன்னால் ஹாஜியாவே அவளை இரண்டு கையாலும் வாரித் தூக்கித் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். ஸுவைரா மாமியாரின் தோளில் முகம் புதைத்து இருமினாள். இருமல் அடங்கும் வரை ஹாஜியா அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். தாயில்லாப் பெண்ணுக்குக் குறை வைக்கக்கூடாது என்றுதான் ஒவ்வொன்றையும் ஒரு பிடி கூட்டினாள். அந்த ஒரு பிடிதான் அவள் கண்ணை இப்போது நிறைத்தது.

அவள் மருமகளைப் பரீராவிடம் ஒப்படைத்துவிட்டு வாசற்படிக்கு வந்தாள். முற்றத்தில் இருந்த அத்தனை பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

"சகிரு. பரீரா சொல்றபடி செய். வண்டியை எடு."

சித்திகள் வாயில் வைத்த கையை எடுக்கவில்லை. தலைச்சனின் பெயர், பெற்றவள் வாயால், பெயர் சூட்டுக்குக் கூடிய ஊரின் முன்னால். டெலுவா அத்தை தலை முக்காட்டை இழுத்து முகத்தைப் பாதி மூடிக்கொண்டாள்.

உள்ளே ஸுவைராவைத் தாங்கிப் பிடித்திருந்த பரீராவுக்கும் அது கேட்டது. அழுவதற்கு அது நேரமில்லை. அவள் தலையணைகளைப் பொறுக்கிக்கொண்டாள்.

ஹாஜியாவும் வண்டியில் ஏறிக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் பரீராவுக்குத் தெரிந்த பெண் டாக்டர் இருந்தது நல்லதாகப் போயிற்று. மூக்கில் பிராணவாயு வைத்தார்கள். உடம்பில் தேங்கிய நீரை இறக்க ஊசி போட்டார்கள். இதயத்தைப் படம் பிடித்த திரையில், ஸுவைராவின் இதயம் பெரிதாக வீங்கி, களைத்துக் களைத்து அடித்துக்கொண்டிருந்தது. எத்தனையோ எலிகளின் இதயத்தைப் பார்த்தவள்தான் பரீரா. இந்தத் திரையை அவளால் நேராகப் பார்க்க முடியவில்லை.

டாக்டர் ஒளிக்காமல் பேசினாள். இதயம் பாதிப் பலத்தில்தான் வேலை செய்கிறது. ஆபத்து இன்னும் முழுசாக விலகவில்லை. ஆனால் இந்த வியாதியில் ஒரு நல்ல குணம் உண்டு, மருந்தும் ஓய்வும் கொடுத்து, உப்பைக் குறைத்தால், சில மாதங்களில் பழையபடி திரும்பிவந்த இதயங்கள் நிறைய. இன்று சாயங்காலக் குளியலும் நடந்திருந்தால் தன்னால் இப்படிப் பேசியிருக்க முடியாது என்றாள்.

சகிரு அதைக் கேட்டுவிட்டு வராந்தாவில் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான். அந்த விறகை என்ன செய்வது என்று கேட்டான். அடுத்த பெயர் சூட்டுக்குச் சோறாக்கலாம் என்றாள் பரீரா. அவன் அழுகையும் சிரிப்புமாக மூக்கைச் சிந்தினான்.

வெயில் தாழ்ந்தபோது ஸுவைரா தூங்கியிருந்தாள். இரண்டு தலையணைதான். மூன்றாவதை நர்ஸ் எடுத்துக் காலடியில் வைத்திருந்தாள். பரீரா அந்த மூன்றாவது தலையணையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனை வருடமாக எத்தனை கருவி வைத்து அளந்திருப்பாள். இந்த ஒரு கேள்வியைக் கேட்கத் தெரிந்திருந்தால் ஊரில் எத்தனை வீட்டில் கேட்டிருக்கலாம்.

மாலைத் தொழுகைக்கு அழைப்பு வரும் நேரம். ஆஸ்பத்திரி வாசல் வேப்பமரத்தடியில் டெலுவா அத்தை நிற்பதாகச் சகிரு வந்து சொன்னான். உள்ளே வரமாட்டேன் என்கிறாளாம்.

சண்டைக்குத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு பரீரா இறங்கி வந்தாள். மரத்தடியில் அத்தை தனியாக நின்றாள். இரும்புக் கைகள் இரண்டும் முக்காட்டு நுனியை முறுக்கிக்கொண்டிருந்தன.

"பொழச்சுக்குவாளா?" என்று கேட்டாள்.

"பொழச்சுக்குவா அத்தை. அப்படித்தான் தெரியுது."

அத்தை தலையை ஆட்டினாள். பிறகு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"பரீரா, பழைய ஊர்ல, கோட்டைச் சுவர்கிட்ட, ஒரு வீட்ல நான் தண்ணி ஊத்தறேன். இரட்டைப் பிள்ளை பெத்தவ. அவளுக்கு இது நாலாவது பிரசவம். தலைச்சன் மோகம்னு சொல்ல அங்க வழியே இல்லை. அவளும் படுக்க மாட்டேங்கறா. இரட்டையாச்சே, ஒண்ணு மாத்தி ஒண்ணு அழுது, அதான் உட்கார்ந்திருக்கான்னு நானே சொல்லிக்கிட்டேன். நேத்து இருமினா. தண்ணியை இன்னும் கொதிக்க விட்டேன்."

பரீராவுக்குக் கேட்க ஆயிரம் இருந்தது. வளர்த்தவளின் கையைப் பிடித்துக்கொண்டாள். வெந்நீரில் ஊறி ஊறிக் காய்த்துப்போன கை.

"நான் போய்ச் சொன்னா கேப்பாங்களா? நேத்து வரைக்கும் கொதிக்கணும்னு சொன்னவ நான்தானே," என்றாள் அத்தை. "நீ வந்து சொன்னா, இவ யாருன்னு கேப்பாங்க. அந்த வீட்டு மாமியார் ஒரு மாதிரி. வாசல்லயே நிறுத்திடுவா."

அது உண்மைதான். இன்றைக்குச் சொந்த வீட்டிலேயே எவ்வளவு நேரம் பிடித்தது. தெரியாத வீட்டில், தெரியாத மாமியாரிடம், எலி டாக்டரின் பேச்சு எடுபடுமா? அவள் மரத்தை ஒட்டி நிறுத்தியிருந்த வண்டிப் பக்கம் நடந்தாள். என்ன சொல்லப் போகிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

வண்டிக் கதவு திறந்திருந்தது. பின் சீட்டில் ஹாஜியா தலாத்து ஏற்கனவே ஏறி உட்கார்ந்திருந்தாள். விசேஷத்துக்கு உடுத்திய அதே உடை. மடியில் நர்ஸ் எடுத்து வைத்த அந்த மூன்றாவது தலையணை. மகள் பின்னாலேயே இறங்கி வந்து, டெலுவா பேசியது முழுவதும் அவள் காதில் விழுந்திருக்கவேண்டும்.

மகளைப் பார்க்காமல், முன் கண்ணாடியைப் பார்த்துச் சொன்னாள்.

"ஏய். வண்டியை எடு. அங்க வந்து நீ வாயைத் திறக்காதே. தலையணை எத்தனைன்னு நான் கேக்கறேன்."

பழையபடி ஏய்தான். பரீராவுக்கு அது குறையாகத் தெரியவில்லை. நாத்தனாருக்கு இடம் விட்டு ஹாஜியா நகர்ந்து உட்கார, டெலுவா அத்தை ஏறிக்கொண்டாள். மாலைத் தொழுகைக்குப் பாங்கு சொல்லத் தொடங்கியபோது வண்டி கோட்டைச் சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தது.